சுண்ணாம்பு போடாத வரிசை

பக்கத்துத் தோட்டத்து அந்தக்கா வீட்டில் மூன்று சுவர்களுக்குத்தான் வெள்ளையடித்திருக்கும். நாலாவது சுவர், அதுவும் பாதையைப் பார்த்த சுவர், சிமெண்ட் நிறத்திலேயே நிற்கும். நாங்கள் ஆனைக்கரைக்குக் குடிவந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு, பாவம், பாதியில் சுண்ணாம்பு தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அரைச் சட்டி மிச்சமிருந்தது. கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று தோன்றியது. ஆனால் ஒரு வீட்டு வாசலில் நின்று 'ஏனுங்க' என்று கூப்பிட எனக்கு இரண்டு மூன்று நாள் ஒத்திகை வேண்டும். ஒத்திகை முடிவதற்குள் சட்டியில் இருந்த சுண்ணாம்பு காய்ந்து கட்டியாகிவிட்டது.

பிறகு ஒருநாள் என் மனைவிதான் கேட்டாள். அவளுக்கு ஒத்திகை எல்லாம் தேவையில்லை. அவள் பிறந்து வளர்ந்த இடம் அது.

"என்ன மதினி, ஒரு செவத்த மட்டும் அம்மணமா விட்டிருக்கீங்க?"

"அடிக்காம விட்டா என்ன ஆகுதுன்னு பாக்கணும்ல? நாலுக்கும் அடிச்சுப்புட்டா எதை வச்சுப் பாக்குறது?"

"பாத்தீங்களா?"

"பாத்தேன். இதுல பாசி புடிச்சிருக்கு. மத்த மூணுலயும் அம்புட்டாப் புடிக்கல. அடிக்கிறது நல்லதுதேன்."

"அப்ப அடிச்சுற வேண்டியதுதான?"

"அடுத்த மழைக்கும் இப்பிடித்தேன் ஆகுதான்னு பாக்கணும்ல?"

அந்தச் சுவர் ஐந்தாறு மழை பார்த்தது. அவர் அந்த வீட்டில் இருந்தவரை அதற்கு வெள்ளையடிக்கவே இல்லை.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தெரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பெயரை நான் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை, இப்போது எழுதவும் கை வரவில்லை. நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீரவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். அதை நான் கேட்பேனா?

அவருக்கு எங்கள் தோட்டத்தை ஒட்டி ஒன்றரை ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் இருந்தது. கம்பத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம். கணவர் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார், பெரும்பாலும் வீட்டில் இருக்கமாட்டார். தோட்டம் முழுக்க அந்தக்கா கையில்தான். என்ன வேலை செய்தாலும் ஒரு வரிசையை விட்டுவிடுவார். உரம் வைத்தால் ஒரு வரிசைக்கு வைக்கமாட்டார். மருந்து அடித்தால் ஒரு வரிசைக்கு அடிக்கமாட்டார். சோம்பல் இல்லை, அந்த வரிசைக்குக் களையெடுப்பது, தண்ணீர் விடுவது எல்லாம் ஒழுங்காக நடக்கும். எதைச் சோதிக்கிறாரோ அது மட்டும் கிடைக்காது. காலையில் கீழிருந்து ஜீப்பில் வேலைக்கு வரும் பெண்கள் அவருக்கு 'ஒத்த வரிசை' என்று பெயர் வைத்திருந்தார்கள். "இன்னைக்கு யாரு தோட்டத்துக்கு?" "ஒத்த வரிசைக்கு" என்று பேசிக்கொண்டு இறங்குவார்கள். அவர் காதிலும் விழும். கண்டுகொள்ளமாட்டார்.

மூட்டுவலி வந்தபோது வலது முழங்காலுக்கு மட்டும் தைலம் தேய்த்தார். இடது முழங்காலை விட்டு வைத்தார். மகன்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் டிரைவிங் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போனார்கள். பெரியவனுக்கு மட்டும் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார், சின்னவனுக்கு நேரவில்லை. இரண்டு பேரும் பெயிலாகி வந்தார்கள். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தக்கா சிரிக்கவில்லை.

"சாமி மேல குத்தமில்ல. ரெண்டு பயலுகளுக்கும் எட்டுப் போட வரல. அது தெரிஞ்சுபோச்சுல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள் என்று சொல்லமுடியாது. ஒரு வருடம் மருந்தடிக்காத அந்த ஒரு வரிசையில்தான் பூச்சி பெருகித் தன் தோட்டத்துக்கு வந்தது என்று மேல் தோட்டத்துக்காரர் பாதையில் நின்று கத்தினார். அந்தக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "எங்கிட்டிருந்துதேன் வந்துச்சுன்னு நீங்க எப்பிடிண்ணே சொல்லுவீங்க? நீங்க ஒரு வரிசையும் விட்டு வைக்கலையே." மேல் தோட்டத்துக்காரருக்குக் கோபம் இன்னும் ஏறியது. எனக்கே அன்றைக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. நமக்குக் காய்ச்சல் வந்து இவரிடம் மாத்திரை கேட்டால், பாதி உடம்புக்குத்தான் கொடுப்பாரோ என்று தோன்றியது.

இனி என் கதையைச் சொல்ல வேண்டும். எனக்கு இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையோரம் பிறந்தவன். எங்கள் காடு கரிசல். மண்வெட்டியைப் போட்டால் சுக்கான்கல்லில் பட்டு டங்கென்று சத்தம் கேட்கும். மண்ணுக்குள்ளேயே சுண்ணாம்பு கிடக்கிற ஊர். சுண்ணாம்பை வெற்றிலைக்கு வைப்போம், சுவருக்கு அடிப்போம். வயலுக்குப் போடுவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால், அவரை உட்காரவைத்து மோர் கொடுத்திருப்போம். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது என் பங்கில் காடு கொஞ்சம்தான் தேறியது. அதே சமயம் மாமனார் காலமாகி, ஆனைக்கரையில் அவர் நட்டு வளர்த்த ஒரு ஏக்கர் ஏலம் என் மனைவிக்கு வந்தது. ஒரே மகள். எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. பத்தாவது வரை படிப்பு. ஏலக்காயைப் பாயசத்தில்தான் பார்த்திருந்தேன். மூட்டை முடிச்சோடு மலையேறினோம்.

மாமனார் இருந்தவரை பச்சைப்பசேலென்று நின்ற தோட்டம், நான் போன இரண்டாம் வருடமே வெளுக்க ஆரம்பித்தது. இலை மஞ்சளாகி நுனி காய்ந்தது. தூரில் புதிதாகத் தட்டை, அதாவது ஏலத்தண்டு, வெடிக்கவில்லை. காய் வர வேண்டிய சரம் ஒரு சாண் நீண்டு நின்றுவிட்டது. உரத்தை அள்ளிப் போட்டேன். இன்னும் வெளுத்தது. என் மனைவி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தேவலை.

"எங்கப்பா வச்ச தட்டைங்க இது. நம்ம கையால சாகிறதப் பாத்துக்கிட்டு இருக்க என்னால ஆகாது. இன்னும் ரெண்டு வருசம் பாப்போம். தேறலைன்னா யாருக்காச்சும் பாட்டத்துக்கு விட்டுட்டு உங்க ஊருக்கே போயிருவோம்" என்றாள். பாட்டம் என்றால் மலையில் குத்தகை.

ஊருக்குப் போனால் அண்ணன்மார் ஒன்றும் சொல்லமாட்டார்கள். "வந்துட்டயா? வா, உக்காரு" என்று மட்டும்தான் சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தையை நினைத்தாலே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் விவசாய ஆபீசான கிருஷி பவனிலிருந்து ஆபீசர் வந்து கூட்டம் போட்டார். மலை மண்ணில் புளிப்பு ஏறிவிட்டது, புளிப்பு ஏறிய மண்ணில் வேர் ஓடாது, போட்ட உரத்தைச் செடி எடுக்காது, மண்ணைச் சோதித்துப் பார்த்துவிட்டுத் தேவையான அளவு சுண்ணாம்பு போட வேண்டும் என்றார். தோட்டத்தில் எட்டுப் பத்து இடத்தில் குழி எடுத்து, எல்லா மண்ணையும் கலந்து, அரைக் கிலோ கொண்டுவாருங்கள். மரத்தடி வேண்டாம், குப்பைமேடு வேண்டாம். எல்லாம் என் காதில் தெளிவாகத்தான் விழுந்தது. காது கேட்கவில்லை என்று இப்போது சொல்லித் தப்பிக்க வழியில்லை.

மறுநாள் கூடையோடு தோட்டத்தில் இறங்கினேன். முதல் குழியில் வந்த மண்ணைப் பார்த்தேன். மஞ்சள் பூத்து, சரளைக்கல்லும் மக்காத வேரும் கலந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. கையோடு கொடுத்திருந்த விண்ணப்பப் பாரத்தில் என் பெயர் எழுத வேண்டும், மாமனார் பெயர் எழுத வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளையைப் பார்க்கும் முன் காட்டைத்தான் பார்ப்பார்கள். வரப்பில் நின்று ஒரு கை மண்ணை அள்ளி, உருட்டி, ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வையில் கல்யாணமே நின்றுபோனது உண்டு. மண்ணை வெளியாளிடம் காட்டுவதென்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். இந்த மண்ணை எப்படி ஆபீஸுக்கு அனுப்புவது?

வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரம். அதன் அடியில்தான் மாமியார் காலத்திலிருந்து அடுப்புச் சாம்பல் கொட்டுகிறார்கள். ஆட்டுப்புழுக்கையும் அங்கேதான். அந்த மண் கறுப்பாக, மிருதுவாக, எங்கள் ஊர்க் கரிசலுக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும். அதில் அரைக் கிலோ அள்ளினேன். இரண்டு மூன்று கல் இருந்தது, பொறுக்கினேன். அப்புறமும் மனம் கேட்கவில்லை. அடுக்களையிலிருந்து மாவு சல்லடையை எடுத்துவந்து சலித்தேன். கல்யாண வீட்டுக்குப் போகிற பிள்ளைக்குத் தலை சீவி பவுடர் போட்டு அனுப்புகிற மாதிரி அந்த மண்ணை அனுப்பிவைத்தேன்.

சில வாரம் கழித்து அட்டை வந்தது. புளிப்பு இல்லை, சுண்ணாம்பு தேவையில்லை. கொடுத்தவர் மலையாளத்தில், "கொள்ளாம், நல்ல மண்ணு" என்றார். அந்த மண்ணை நானே பெற்று வளர்த்தது போல "நன்றிங்க" என்றேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அட்டையை நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். மண் எங்கிருந்து போனது என்று தெரிந்த ஒரே ஆள் நான். ஆனாலும் அச்சில், முத்திரையோடு பார்த்தபோது, ஒருவேளை தோட்டம் முழுக்க இப்படித்தானோ என்று ஒரு நினைப்பு. அட்டையை முன்னறையில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் செருகினேன். மனைவி பெருமூச்சு விட்டாள். "மண்ணுல கோளாறு இல்லைங்கிறது தெரிஞ்சுச்சே" என்றாள். அப்படியென்றால் கோளாறு யாரிடம் என்று அவள் சொல்லவில்லை.

அந்தக்கா அட்டையைப் பார்க்க வந்தார். கையில் தன் அட்டையையும் கொண்டுவந்திருந்தார். அதில் புளிப்பு அதிகம், இத்தனை அளவு சுண்ணாம்பு போடு என்று இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"ஒரே மலை, ஒரே சரிவு. உங்க மண்ணு மட்டும் எப்பிடிண்ணே இம்புட்டு நல்லா இருக்கு? எங்க எடுத்தீங்க?"

"தோட்டத்துலதானுங்க" என்றேன். அடுக்களைப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவர் சந்தேகப்படவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. அவர் யார் பேச்சையும் நம்பாதவர் என்று ஊரில் பெயர். ஆனால் சோதித்துப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் அப்படியே நம்பிவிடுவார். சோதனையில் போய் யாராவது பொய் சொல்வார்களா என்பது அவர் நினைப்பு.

அந்தச் சித்திரையில் எங்கள் எல்லையோரம் புதிதாக நாற்பது தூர் நட அவர் குழி எடுத்திருந்தார். குழிக்குச் சுண்ணாம்பு போட்டு, சில வாரம் ஆறவிட்டு நடுவது அவர் வழக்கம். இந்த முறை வேலியோரம் நின்று என்னிடம் சொன்னார்.

"அண்ணே, இந்தத் துண்டு உங்க பக்கத்து மண்ணுதேன். உங்களுக்குத் தேவையில்லைன்னா இதுக்கும் தேவையில்லைல்ல? இந்தத் தடவ தலைகீழாப் பண்ணப்போறேன். ஒரு வரிசை எட்டுத் தூருக்கு மட்டும் சுண்ணாம்பு போடுறேன். மத்த முப்பத்திரண்டுக்கும் போடல."

நான் வாயைத் திறந்தேன். "சரிங்க" என்று வந்தது.

அந்த வருடம் முழுக்க அந்த முப்பத்திரண்டு தூரும் என் கண்ணெதிரில்தான் இருந்தன. பல் தேய்க்கும்போது தெரியும், குளிக்கப் போகும்போது தெரியும். மழை முடிந்தபோது எட்டுத் தூர் வரிசை இடுப்புயரம் வந்திருந்தது. மற்றவை முழங்காலைத் தாண்டவில்லை. எங்கள் தோட்டமும் அதே நிறம்தான். என் பொய்க்கு இரண்டு தோட்டத்தில் பயிர் நடந்துகொண்டிருந்தது.

உண்மையைச் சொல்ல நான் முயற்சி செய்யாமல் இல்லை. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கொடுத்துவிட்டு ஓடிவந்துவிடலாம் என்று சட்டைப்பையில் வைத்திருந்தேன். ஏழு நாள் வைத்திருந்தேன். எட்டாவது நாள் மனைவி சட்டையைத் துவைத்துவிட்டாள். இன்னொரு முறை அந்தப் பலாமரத்திலிருந்தே ஒரு பழத்தை அறுத்து முறத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். பழத்தைப் பார்த்தால் மரத்தைப் பற்றிப் பேச்சு வரும், மரத்தைப் பற்றிப் பேசினால் மரத்தடி வரும், மரத்தடி வந்தால் சொல்லிவிடலாம் என்று கணக்கு. அந்தக்கா ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: "உங்க மண்ணுக்கு இனிக்காம என்ன செய்யும்?"

நான் காலி முறத்தை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். குமுளி பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் 'நிறுத்துங்க' என்று சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்குகிற இடம்வரை போய்விட்டு நடந்து வருகிறவன் நான். அந்த வருடம் முழுவதும் அப்படி ஒரு பஸ்ஸில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மாசி மாதம் ஒரு காலையில் வேலியோரம் அந்தக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வேரோடு பிடுங்கிய இரண்டு தூர். ஒன்று சுண்ணாம்பு போட்ட வரிசையிலிருந்து, ஒன்று போடாததிலிருந்து. முதலாவதன் வேர் தாடி மாதிரி நீண்டு வெளுத்திருந்தது. இரண்டாவதன் வேர் கட்டையாக, கருகிய திரி மாதிரி இருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"அண்ணே, அட்டை வேணாங்குது, தட்டை வேணுங்குது. எனக்கு ஒண்ணுமே புரியல. ஒரு வருசமா யோசிக்கிறேன்."

அவர் கருகிய வேரைக் கையில் எடுத்தார்.

"ஆபீசுல மிசின்ல பாத்துச் சொன்னது. அது தப்பாகாது. அப்ப என் கண்ணுதேன் தப்பு. இத்தன வருசமா வரிசை விட்டு விட்டுப் பாத்தேன்ல, அம்புட்டும் தப்பாத்தேன் பாத்திருக்கேன் போல. ஊரே சிரிச்சுச்சு. எங்க வீட்டுக்காரரு வேணாம்னு சொல்லியும் கேக்கல. போதும்ணே. இனிமே எல்லாரும் செய்யிற மாதிரியே செஞ்சுட்டுப் போறேன். இந்தச் சோலியே வேணாம்."

செடிக்காக அவர் வருத்தப்பட்டிருந்தால் நான் அன்றும் வாயைத் திறந்திருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். செடியை மறுபடி நடலாம். ஆனால் அவர் தன் கண்ணையே தப்பு என்று சொல்லிக்கொண்டு, அந்த வேர்களிலிருந்து மண்ணை மெல்ல உதிர்த்துக்கொண்டிருந்தார். நான் ஏழு நாள் எழுதி வைத்திருந்த கடிதத்தில் நல்ல நல்ல வாக்கியமெல்லாம் இருந்தது. ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"பலாமரத்தடிங்க" என்றேன்.

"என்னது?"

"மண்ணுங்க. அட்டைக்குக் குடுத்த மண்ணு. எங்க ஊட்டுப் பலாமரத்தடியில எடுத்ததுங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு எங்கள் வீட்டுப் பின்பக்கம் பார்த்தார்.

"சாம்பல் கொட்டுற எடமா? சாம்பலு புளிப்ப எடுத்துருமே?"

"ஆமாங்க."

"கல்லு மண்ணு எதுவும் இல்லாம இருந்திருக்குமே. சலிச்சீங்களா?"

"மாவு சல்லடையிலங்க."

அவர் திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "அப்ப என் கண்ணு சரி" என்று ஒரு குரல் கேட்டது. என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. இன்னொருமுறை, இன்னும் சத்தமாக, "என் கண்ணு சரிதேன்!" என்றார். எழுந்து நின்றார். ஒரு கணம் அவர் என்னைக் கும்பிடப்போகிறார் என்றுகூட நினைத்தேன். அவ்வளவு சந்தோஷம் முகத்தில். அதற்கப்புறம்தான் கோபம் வந்தது. வந்தது என்றால், மேல் தோட்டத்துக்காரர் வீட்டைவிட்டு வெளியே வந்து பார்க்கிற அளவுக்கு வந்தது.

"ஒரு வருசம்ணே! ஒரு வருசம் என்னையப் பைத்தியக்காரியா சுத்த விட்டீங்களே! பொண்ணா பாக்க வந்தாக, மண்ணுக்குப் பொட்டு வச்சு அனுப்ப? தங்கச்சி! ஏ தங்கச்சி! இங்க வா, உம் புருசன் செஞ்ச வேலையக் கேளு!"

என் மனைவி ஓடிவந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். தோட்டம் வெளுத்த காரணம் தெரிந்தது. ஒரு வருடம் வீணாகப் போனது தெரிந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரியை ஏமாற்றியது தெரிந்தது. அவள் என் பக்கம் திரும்பி முதலில் கேட்டது ஒன்றுதான்.

"மாவு சல்லடையிலயா?"

அந்தக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை, ஆனால் நான் வழக்கமாகவே பேசமாட்டேன் என்பதால் அது யாருக்கும் வித்தியாசமாகத் தெரிந்திருக்காது. பிறகு ஒருநாள் சட்டியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு அவரே எங்கள் தோட்டத்துக்குள் வந்தார். இடத்தைத் தேர்ந்தெடுக்க என்னை விடவில்லை. அவரே காலடி எண்ணிக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பத்து இடத்தில் மேல் சருகை விலக்கிக் குழி எடுத்தார். நான் சட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன். மண்ணைச் சாக்கில் கொட்டி, வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மீதியைக் கொட்டினார். அரைக் கிலோ மிஞ்சும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்தார். கல்லை எடுக்கக் குனிந்தேன். "கைய எடுங்க" என்றார். ஒரு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

இந்த முறை வந்த அட்டையில் புளிப்பு கடுமையாக இருந்தது. கோடை மழை ஒன்று பெய்ததும் சுண்ணாம்பு இறக்கினோம். நான் காற்றுக்கு எதிராக நின்று தூவி, தலை முதல் கால்வரை திருநீறு பூசிய பண்டாரம் மாதிரி ஆனேன். தூரை ஒட்டிக் குவிக்காமல் சுற்றிலும் பரப்பச் சொன்னார். கையோடு உரத்தையும் போட்டுவிடலாமா என்று கேட்டேன். "உங்களுக்கு எல்லாமே அவசரந்தேன், வாயத் தொறக்குறதத் தவிர" என்றார். மூன்று வாரம் பொறுக்கச் சொன்னார்.

வீட்டு வாசலுக்கு நேரே, பாதையோரம் இருந்த பதினோரு தூர் வரிசைக்கு வந்தபோது என் கையிலிருந்து கூடையை வாங்கிக்கொண்டார்.

"இதுக்கு வேணாம்."

"பாதையில போறவங்க வாரவங்க எல்லாம் பாப்பாங்களேங்க. பின்னால ஒரு வரிசையை விட்டுக்கலாமுங்களா?"

"பாக்கட்டும். அதுக்குத்தேன்."

அடுத்த வருடம் மற்ற வரிசைகளில் புதுத் தட்டை வெடித்தது. அதற்கடுத்த வருடம் சரம் நீண்டு தரையில் படர்ந்தது. மனைவி என்னைப் பாராட்டவில்லை. பாட்டத்துக்கு விடுகிற பேச்சு மட்டும் நின்றுபோயிற்று. அந்த முப்பத்திரண்டு தூருக்குப் பதிலாக என் தோட்டத்திலிருந்து தட்டை பிரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு முப்பத்தொன்றை நட்டார். ஒரு குழியைச் சும்மா விட்டுவிட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வாசல் வரிசை மட்டும் மஞ்சளாகவே நின்றது. பாதையில் போகிறவர்கள் எல்லாம் நின்று கேட்டார்கள். "எல்லாம் பச்சையா இருக்கு, இது மட்டும் ஏன் இப்பிடி?" முதலில் வீட்டுக்குள் ஓடி ஒளிந்து பார்த்தேன். ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பிறகு வேறு வழியில்லாமல் சொல்ல ஆரம்பித்தேன். சுண்ணாம்பு போடாத வரிசைங்க. ஏன் போடலைன்னா, நான் ஒரு பொய் சொன்னேனுங்க. பலாமரத்தடி, சல்லடை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டிவந்தது. கேட்டவர்கள் சிரித்தார்கள். சிலர் சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "நானும் வீட்டுப் பக்கத்துலதாங்க எடுத்துக் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் வாழ்க்கையில் நான் அதிகமாகப் பேசியது அந்த வரிசை முன்னால் நின்றுதான்.

மூன்று வருடத்துக்கு முன் அந்தக்காவுக்கு மலையேறி இறங்கமுடியாமல் போயிற்று. தோட்டத்தை விற்றுவிட்டுக் கம்பத்துக்கே போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்கள் நல்லவர்கள். வந்த மறுவாரமே நாலாவது சுவருக்கும் வெள்ளையடித்துவிட்டார்கள். இப்போது அந்த வீடு மற்ற வீடுகளைப் போலத்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போது எனக்கு வீடு மாறிப் போய்விட்டோமோ என்று ஒரு கணம் தட்டும்.

"அவுங்கதான் போயிட்டாங்களே, அந்த வரிசைக்கும் ஒரு கூடை போட்டுருங்களேன், பாக்க நல்லா இல்ல" என்று மனைவி ஒவ்வொரு சித்திரையிலும் சொல்கிறாள். ஒவ்வொரு சித்திரையிலும் கூடையோடு அந்த வரிசைவரை போய்விட்டுத் திரும்பி வருகிறேன்.

போன வாரம் அந்தக்கா போன் செய்தார். மனைவி பேசிவிட்டு என்னிடம் கொடுத்தாள். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஆப்பரேசன் பண்ணியாச்சுண்ணே. வலது காலுக்கு மட்டும். ரெண்டுக்கும் சேத்துப் பண்ணிக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. இல்ல சார், ஒண்ணு இருக்கட்டும்னுட்டேன். அது கெடக்கட்டும். அந்த வரிசை இருக்கா?"

"இருக்குதுங்க."

"மஞ்சளாத்தேன் இருக்கா?"

ஆமாங்க என்று சொல்லியிருந்தால் அவர் சந்தோஷப்பட்டிருப்பார். அதுதான் சுலபமும்கூட. ஆனால் போன மழைக்கு அப்புறம், மேல் மூலையில் இரண்டு தூர் பச்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. நான் ஒரு பிடி சுண்ணாம்புகூடப் போடவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக அதையே பார்த்தேன்.

"ஒன்பதுதானுங்க மஞ்சள். மேல் மூலையில ரெண்டு தூரு பச்சையாகுதுங்க. நான் ஒண்ணும் போடலீங்க. சத்தியமாங்க."

அந்தப் பழைய குரல், வேலியோரம் இடுப்பில் கைவைத்து நிற்கிற குரல் வந்தது.

"அப்பிடியா? மேல இருந்து மழையில வடிஞ்சு வந்திருக்குமோ? வேற என்னமோ? இருங்க இருங்க, யோசிக்கிறேன். அண்ணே, ஒண்ணு செய்யிங்க. அந்த ரெண்டு தூருகிட்டயும் தனியா, மஞ்சளா இருக்குறதுகிட்டயும் தனியா மண்ணு எடுத்து அனுப்புங்க. அட்டை வந்ததும் எனக்குப் படிச்சுச் சொல்லுங்க."

"சரிங்க அக்கா."

"அண்ணே."

"சொல்லுங்க."

"பலாமரத்தடிக்குப் போயிராதீங்க."

மறுநாள் காலையில் இரண்டு பையிலும் மண் எடுத்துக் கட்டினேன். சரளை இருந்தது, வேர்த்துண்டு இருந்தது. மஞ்சள் தூர்ப் பையில் ஒரு எறும்பும் ஏறிக்கொண்டிருந்தது. அதை மட்டும் தட்டிவிட்டேன், அதுவும் அது கடித்ததால். கல்லைத் தொடவில்லை. பாரத்தில் என் பெயரையும் மாமனார் பெயரையும் எழுதி, பஸ் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் "நிறுத்துங்க" என்று சொல்லி இறங்கினேன்.